பச்சிலையும் அடுப்பும்: புதிதாகத் தோட்டம் போடும் பிள்ளைகளுக்கு

பத்து காஜா வட்டாரத்தில் பிள்ளைகள் சிலர் கோயில் மனையிலும் வீட்டுப் பின்கட்டிலும் மூலிகை வைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சிலர் சிரட்டைக் கரி சுடுவது எப்படி என்று கேட்கிறீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் சாண எரிவாயுவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு இதில் மிகுந்த சந்தோஷம். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்ட மருந்தகத்தில் டிரெசருக்கு, அதாவது அங்கே மருந்து பார்ப்பவருக்கு, உதவியாக நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். மாத்திரை எண்ணிக் கொடுத்ததும் இந்தக் கைதான், ஆடாதோடை இலை பறித்துக் கொடுத்ததும் இந்தக் கைதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின, சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொல்லைப்புறம் இல்லாமல் போனதும் செடிகள் போயின. செடிகளைத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் நீங்கள் மண்ணைக் கொத்துகிறீர்கள் என்பதே பெரிய காரியம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது, மருந்தானாலும் சரி, விறகானாலும் சரி. எந்த மண், எந்தச் செடி, யாருக்கு, எவ்வளவு, எதுவரைக்கும் என்று தெரிந்தவர் கையில்தான் அது நல்லதாகிறது.

1. விதைக்கு முன்னால் மண்ணை விசாரியுங்கள். நாம் இருப்பது கிந்தா பள்ளத்தாக்கு. நூறு வருடத்துக்கு மேல் ஈயம், அதாவது வெள்ளீயம், தோண்டிய பூமி. தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் நிற்கிறதே பெரிய ஈயக்கப்பல், 1938இல் கட்டியது, 1982 வரை மண்ணைத் தின்று துப்பியது. அப்படித் துப்பிய மணல்மேல்தான் இன்று பல தாமான்கள் நிற்கின்றன. ஈயத் தாதுவோடு ஆர்சனிக் போன்ற நஞ்சுக் கனிமங்களும் சேர்ந்தே கிடக்கும். ஈயக்குட்டை ஓரத்தில் வல்லாரை தளதளவென்று வளரும், பார்த்தால் பறிக்கத்தான் தோன்றும். பறிக்காதீர்கள். மண்ணில் இருக்கும் உலோகங்களை இழுத்துத் தன் இலையிலும் வேரிலும் வைத்துக்கொள்ளும் செடி அது. ஓர் இடத்து மண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளந்து பார்க்கவே மலேசிய ஆய்வாளர்கள் வல்லாரையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் புக்கிட் மேராவில் நடந்ததை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்களோ தெரியவில்லை. அங்கே 1982இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை ஓடத் தொடங்கியது. அதன் தோரியக் கழிவைப் பாப்பானில் புதைக்கப் பார்த்தபோது, 1984இல் ஊர்மக்கள் திரண்டு நின்று தடுத்தார்கள். வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த வருடமே மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது, ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் பிழைக்கும் மண் இது, அதற்குள் என்ன கிடக்கிறது என்று கேட்பது நம் உரிமை என்பதை அந்த மக்கள் காட்டினார்கள். அதே கேள்வியை நீங்கள் உங்கள் பாத்திக்கும் கேளுங்கள். பழைய ஈய நிலம் என்றால் தரையில் நடாமல், வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து தொட்டியிலும் உயரப் பாத்தியிலும் நடுங்கள்.

2. செம்பனைத் தோட்டத்திலிருந்து மூலிகை பறித்து வராதீர்கள். மரத்தடியில் குப்பைமேனியும் கீழாநெல்லியும் முளைத்திருக்கும். களைக்கொல்லி அடித்து மூன்று நாள் ஆகியிருந்தால் வாடித் தெரியும். நேற்று அடித்திருந்தால் பச்சையாகவே இருக்கும். மருந்து அடிக்கும் வேலையை நம் பெண்கள்தான் முதுகில் தொட்டியைச் சுமந்து செய்தார்கள். நகம் கறுத்து உதிர்ந்தவர்களுக்கும் மூக்கில் ரத்தம் வடிந்தவர்களுக்கும் நான் பஞ்சு வைத்திருக்கிறேன். பாராகுவாட் என்ற அந்த நஞ்சை 2002இல் நிறுத்துகிறோம் என்றார்கள், 2006இல் மறுபடி விட்டார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் நாடு முழுக்கத் தடை வந்தது. தெனாகானித்தா போன்ற அமைப்புகள் வருடக்கணக்கில் கத்திய பிறகு வந்த தடை அது. பாராகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. அவை பட்ட செடியைக் கஷாயமாக்கி இருமலுக்குக் கொடுத்தால் எதைக் கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

3. ஆரம்பத்தில் ஐந்தாறு செடி போதும். கற்பூரவல்லி, துளசி, நொச்சி, கறிவேப்பிலை, முருங்கை, வல்லாரை. இடம் இருந்தால் இஞ்சியும் மஞ்சளும். எல்லாம் இந்த ஊர் மழையைத் தாங்கும், எல்லாம் அடுக்களையிலும் பயன்படும். முப்பது செடி வாங்கி வைத்து மூன்றின் பெயரை மறப்பதைவிட இது நல்லது.

4. பெயரை நம்பிப் பறிக்காதீர்கள், செடியைப் பார்த்துப் பறியுங்கள். கீழாநெல்லியில் இரண்டு மூன்று வகை இருக்கிறது, தண்டு சிவந்தது ஒன்று, பச்சை ஒன்று, எல்லாவற்றுக்கும் இலைக்கடியில்தான் காய். சிறியாநங்கை என்று ஒருவர் கொடுப்பதையே இன்னொருவர் நிலவேம்பு என்பார். மலாய்க்காரர்கள் அதை ஹெம்பெடு பூமி என்கிறார்கள். வல்லாரை மாதிரியே இலை வைத்துக்கொண்டு நீர்க்கரையில் படரும் வேறு செடிகள் உண்டு. பூவும் காயும் இருக்கும்போது ஒருமுறை, இல்லாதபோது ஒருமுறை, தெரிந்தவரோடு நின்று பாருங்கள். கையில் தேய்த்து முகருங்கள், ஆனால் வாயில் வைத்துச் சோதிக்காதீர்கள். அரளி, ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு விதை, காட்டாமணக்கு விதை, இவை ஐந்தும் கொல்லும். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் இவற்றை வைக்கவே வேண்டாம். ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்தால் இழுப்பு நிற்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கிளினிக்கில் இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து கிடைக்கிற காலத்தில் அந்த ஆபத்தான வேலை தேவையே இல்லை.

5. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் கொடுக்காதீர்கள். ஒரு சொட்டுகூட. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். வேம்பு அம்மனுடைய மரம் என்பதை மறந்து சொல்லவில்லை. நம் பக்கத்தில் கெல்லி துரை என்ற வெள்ளைக்காரர் மாளிகை கட்டிக்கொண்டிருந்தபோது கொள்ளை நோய் வந்து தொழிலாளர்கள் பலர் செத்தார்கள், அதன் பிறகு எழுந்ததுதான் அங்கே இருக்கும் மாரியம்மன் கோயில் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். வேப்பிலை நமக்கு அம்மன் கொடுத்தது. வாசலில் கட்டுங்கள், அம்மை கண்ட உடம்பில் வருடிவிடுங்கள், அது வேறு. விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு. சளிக்கும் பூச்சிக்கும் என்று அதைப் பாலாடையில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டும் பழக்கம் தோட்டத்தில் இருந்தது. அப்படிக் கொடுத்த கைக்குழந்தைகள் சில மணி நேரத்தில் வாந்தி எடுத்து, மயங்கி, வலிப்பு வந்து மருத்துவமனைக்கு வந்ததைக் கோலாலம்பூர் மருத்துவர்கள் சின்னையாவும் பாஸ்கரனும் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். மூளையையும் ஈரலையும் அது தாக்கியது. நம் நாட்டில், நம் வீடுகளில் நடந்தது இது. வேறு எங்கோ நடந்த கதை இல்லை.

பிறந்த குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லிச் சாறு தேடாதீர்கள், வெயிலில் காட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள் அளவு மீறினால் மூளையில் ஏறும், ஏறியதை இறக்க முடியாது. ஜி6பிடி குறை உள்ள குழந்தைகளும் நம்மிடையே உண்டு. பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதித்து அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சில மூலிகைகளும், துணி அலமாரியில் போடும் பூச்சி உருண்டையும் ஆகவே ஆகாது.

6. வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கு ஆடாதோடை கொடுக்கக் கூடாது. இருமலுக்கு அது நல்ல செடிதான். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே செய்தார்கள், நம் மருந்தகத்தில் புட்டிப் புட்டியாக இருந்தது. ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும்.

7. பச்சிலை மட்டுமே இருந்த காலம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவமனையே வேண்டாம், முன்னோர் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று சில பிள்ளைகள் பேசுகிறார்கள். முன்னோர் அப்படித்தான் செத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் மலேரியாவுக்கான கொயினா மருந்து தோட்டத்துக்கு வரவில்லை. பச்சிலை இருந்தது, அரைத்துக் கொடுக்கப் பாட்டிகள் இருந்தார்கள். மலேரியாவில் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன நம் ஆட்கள் காலராவிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தக் காலத்தில்தான் பாப்பானில் சிபில் கார்த்திகேசு என்ற தாதியும் மருத்துவரான அவர் கணவரும் கையிலிருந்த மருந்தை ஏழைகளுக்கும், காட்டிலிருந்த போராளிகளுக்கும் கொடுத்தார்கள். 1943இல் ஜப்பான்காரர்கள் சிபிலைப் பிடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள், நம் பத்து காஜா சிறையில் போட்டார்கள். அந்தக் காயங்களோடு 1948இல் அந்த அம்மா இறந்துபோனார். மருந்து என்பது அவ்வளவு விலை கொடுத்துக் காப்பாற்றிய பொருள். இன்று நம் ஊர் அரசாங்க மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்குப் பார்க்கிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வரக் கூடாது.

8. இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு இலை தின்னாதீர்கள். 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய், இனங்களில் இந்தியர்களுக்குத்தான் அதிகம். மெட்ஃபார்மின் மாத்திரையும் ஒரு செடியின் வழி வந்ததுதான், கலேகா என்ற ஐரோப்பியச் செடி. செடியில் இருந்ததைப் படித்து, கெட்டதை விலக்கி, அளவு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பாகற்காயும் நிலவேம்பும் சர்க்கரையை இறக்கும் என்று சொல்லி மாத்திரையோடு சேர்த்துக் குடித்து, சர்க்கரை அடியோடு இறங்கி விடியற்காலையில் மயங்கிக் கிடந்தவர்கள் உண்டு. கசப்பைச் சமையலில் சாப்பிடுங்கள். மூலிகை எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

9. டிங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு கேட்டுப் பலர் வருவார்கள். இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மலேசிய ஆய்வாளர்கள் கிள்ளான் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ரத்தத் தட்டுகள் சற்று வேகமாக ஏறுவதாக 2013இல் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் டிங்கிக் காய்ச்சலின்போது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. ஒற்றை இலையை அரைத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் டிங்கியில் ஆளைக் கொல்வது தட்டுக் குறைவது மட்டுமில்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதுதான் பெரிய ஆபத்து. அது வருவது காய்ச்சல் விடும் நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். சாறு குடித்தான், காய்ச்சல் விட்டது, பிழைத்தான் என்று வீட்டில் நிம்மதியாகப் படுக்கும் நேரம் அதுதான். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, இதில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாறு கொடுக்கும் வீட்டில் இந்த நான்கையும் சொல்லாமல் வராதீர்கள்.

10. பாம்பு கடித்தால் சிறியாநங்கை வேண்டாம், கட்டும் வேண்டாம், கீறவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 999க்கு அழையுங்கள்.

11. எல்லா நோய்க்கும் ஒரே செடி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சில வருடங்களுக்கு முன் சாபா பாம்புப் புல் புற்றுநோயைத் தீர்க்கும் என்று நாடே அதன் பின்னால் ஓடியது, ஒரு தண்டு வாங்க வரிசையில் நின்றார்கள். புற்று தீர்ந்தது என்று காட்டும் சோதனை எதுவும் வரவில்லை, ஆனால் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு நேரம் போய்விட்டது. நேர்மையாகச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியை ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்து, 59 விழுக்காட்டினருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988இல் லான்செட்டில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நான் கீழாநெல்லியை வெறுக்கவில்லை, இன்றும் என் பாத்தியில் இருக்கிறது. ஆனால் காமாலை என்று வருபவரிடம் முதலில் ரத்தம் சோதித்தீர்களா என்றுதான் கேட்பேன்.

கடையில் வாங்கும் பொடிக்கும் உருண்டைக்கும் மேலுறையில் மால் (MAL) என்று தொடங்கி டி (T) எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். மூட்டு வலிக்கு என்று பாசாரில் விற்கும் ஜாமு சிலவற்றில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. ஒரே வேளையில் வலி பறந்துபோனால், முகம் உப்பத் தொடங்கினால், அதைச் சந்தேகப்படுங்கள்.

12. காய வைப்பதில் அவசரம் வேண்டாம். நம் ஊர்க் காற்று எப்போதும் ஈரம். வெயிலில் போட்டால் மணம் போகும், குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நிழலில், காற்றோட்டமாக, மெல்லிய பரப்பாக உலர்த்துங்கள். காம்பை வளைத்தால் மளுக்கென்று ஒடிய வேண்டும். புட்டியில் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஒரு வருடம் தாண்டியதை உரக்குழியில் போடுங்கள். கஷாயத்துக்கு அலுமினியப் பாத்திரம் வேண்டாம், மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். அன்றன்றைக்கு வைத்து அன்றே குடித்து முடிக்க வேண்டும்.

13. இனி அடுப்புக்கு வருகிறேன். விறகடுப்பு இயற்கையானது, அதனால் உடம்புக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். லயத்தில் நாங்கள் ரப்பர் விறகில் சமைத்தோம். மறுநடவுக்குப் பழைய மரங்களைச் சாய்க்கும்போது வருடத்துக்கு வேண்டிய விறகு கிடைக்கும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டிலும் அதே விறகுதான். எண்பதுகளில் ரப்பர் மரத்தில் மேசை நாற்காலி செய்யத் தொடங்கிய பிறகு அந்த மரத்துக்கு விலை வந்தது, எங்களுக்கு விறகு போனது. போனதில் ஒரு நன்மையும் இருந்தது. ஜன்னல் இல்லாத குசினியில் குனிந்து ஊதி ஊதிச் சமைத்த பெண்கள் வயதானதும் எப்படி இருமினார்கள் என்பது மருந்தகத்தில் இருந்த எனக்குத் தெரியும். வீட்டுக்குள் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நம் நாட்டில் 14 கிலோ கேஸ் மானிய விலையில் 26 வெள்ளி 60 சென்னுக்குக் கிடைக்கிறது. அன்றாடச் சமையலுக்கு அதுவே போதும். தாமான் வீட்டுக்குள் விறகடுப்பு மூட்டி உங்கள் அம்மாவை மறுபடி புகையில் உட்கார வைக்காதீர்கள்.

கோயில் பொங்கலுக்கும் விருந்துக்கும் விறகு எரிப்பதாக இருந்தால், ஆறு மாதமாவது கூரைக்கடியில் உலர்ந்த விறகாக இருக்கட்டும். பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பு செலவாகும், மிச்சம் புகையாகும். அரளிக் கட்டையை அடுப்பில் வைக்கவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. சாயம் பூசிய பலகையும் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் சாம்பிராணி போடுவதாக இருந்தால் அறையைத் திறந்து வையுங்கள். கரிச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

14. கரி சுடக் கற்க வேண்டும் என்றால் ஒருமுறை கோலா செபெத்தாங் போய்ப் பாருங்கள், தைப்பிங் தாண்டி அரை மணி நேரம். மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலிருந்து பாக்காவ் மரம் வெட்டி, மண்சூளையில் அடுக்கிக் கரி செய்கிறார்கள். நாற்பதாயிரம் ஹெக்டேர் காடு அது, 1902லிருந்து கணக்கு வைத்துப் பராமரிக்கிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி அங்கே வெட்ட முப்பது வருடம் காத்திருக்கிறார்கள், நடுவில் பதினைந்தாம் வருடமும் இருபதாம் வருடமும் நெருக்கமான மரங்களைக் கலைத்து எடுக்கிறார்கள். தாவர எரிபொருள் என்று ஊரெல்லாம் பேசுவதற்கு முன்பே, வெட்டினால் நட வேண்டும், நட்டால் காத்திருக்க வேண்டும் என்பதை நம் பேராக்கில் செய்துகாட்டிய இடம் அது. எனக்கு அந்தக் காட்டின்மேல் பெரிய மரியாதை.

சூளைக்குள் மரத்தை நெட்டாக நிறுத்துவார்கள், கீழே செங்கல் வைத்து. நெருப்பு வாசலில்தான் எரியும், உள்ளே மரம் எரியாது, வெந்து நீர் விடும். சூடு காட்டி, மூடி, ஆறவிட்டு எடுக்க ஏறத்தாழ ஒரு மாதம். பச்சை மரத்தின் எடையில் கால் பங்குதான் கரியாக மிஞ்சும். எப்போது மூடுவது என்பதைப் புகையின் நிறத்தையும் வாடையையும் வைத்துச் சொல்லிவிடுவார்கள் அங்கேயுள்ள சீனப் பெரியவர்கள். புகையைக் குளிர்வித்துக் கிடைக்கும் நீரையும் பூச்சி விரட்ட விற்கிறார்கள்.

நீங்கள் செய்யப்போவது சிரட்டைக் கரி, அதற்கு ஒரு பழைய இரும்புப் பீப்பாய் போதும். நன்றாகக் காய்ந்த சிரட்டை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரியவிட்டு, வெள்ளைப் புகை குறைந்து மெல்லிய நீலமாக வரும்போது காற்றுப் புகாமல் மூடி மண் அணையுங்கள். மறுநாள் வரை திறக்காதீர்கள், சூடான கரி காற்றுப் பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும். வீடுகளுக்கு நடுவில் செய்யாதீர்கள். திறந்த வெளியில் குப்பை எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். முன்கூட்டியே கேட்டு, ஒதுக்குப்புறமான இடத்தில், கொஞ்சமாகச் செய்யுங்கள்.

15. சாண எரிவாயு மாடு உள்ளவர்களுக்கு மட்டும். ஒரு கிலோ பச்சைச் சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு வரும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு நாளுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும், அதாவது தினமும் 25 கிலோவுக்குக் குறையாத சாணம். கட்டிப் போட்டு வளர்க்கும் இரண்டு மூன்று மாடு இருந்தால் ஆகும். சாணத்துக்குச் சமமாகத் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். வெளியே வரும் கரைசல் மூலிகைப் பாத்திக்கு அருமையான உரம். என்னைக் கேட்டால் வாயுவைவிட அந்தக் கரைசல்தான் பெரிய லாபம்.

16. வீட்டில் பயோடீசல் காய்ச்சாதீர்கள். செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்ததை 2011இல் டீசலில் 5 விழுக்காடு கலக்கத் தொடங்கினார்கள், 2019இல் 10 ஆக்கினார்கள். அதை ஆலையில் செய்கிறார்கள். மெத்தனாலும் காரமும் கலந்து செய்வது அது. மெத்தனால் ஆவி கண்ணைக் குருடாக்கும், எளிதில் தீப்பிடிக்கும். சமைத்த எண்ணெய் மிஞ்சினால் கால்வாயில் ஊற்றாமல் புட்டியில் சேர்த்து, அதை வாங்கும் மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுங்கள், அவர்கள் கைக்கு வந்ததும் எரிபொருளுக்குத்தான் போகிறது. காட்டாமணக்கு நட்டால் பணம் கொட்டும் என்று யாராவது வந்தால், இந்தியாவில் 2003லிருந்து லட்சக்கணக்கான ஹெக்டேர் நடத் திட்டம் போட்டு என்ன ஆனது என்று கேளுங்கள். தரிசில் தானே வளரும் என்றார்கள். வளர்ந்தது, காய்க்கவில்லை. தண்ணீரும் உரமும் இல்லாமல் எண்ணெய் வித்து வராது.

17. கிழவிகளைத் தேடிப் போங்கள், சீக்கிரம். லயத்தில் இருந்தவர்கள் இப்போது பிள்ளைகள் வீட்டில், பூசிங்கிலும் கோப்பெங்கிலும் ஈப்போ அடுக்குமாடியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு போய் என்ன மூலிகை தெரியும் என்று கேட்டால் எல்லாம் மறந்துபோச்சு என்பார்கள். செடியைப் பிடுங்கி வேரோடு கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், பேச்சு தானாக வரும். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள்: தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், எந்தப் பாகம், எந்த நோய்க்கு, எத்தனை நாள், யாருக்குக் கொடுக்கக் கூடாது. அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதை முதலில் கேளுங்கள். பர்க்கில் என்ற வெள்ளைக்காரர் மலாயாச் செடிகளின் பயன்களை இப்படித்தான் திரட்டி 1935இல் இரண்டு பெரிய தொகுதியாகப் போட்டார். நம் தோட்டத்துப் பெண்களுக்குத் தெரிந்ததை நம்மைத் தவிர வேறு யார் வந்து எழுதப்போகிறார்கள்? ஒவ்வொரு செடியிலும் பூவோடு ஒரு கிளையைப் பழைய நாளிதழுக்குள் வைத்து அழுத்திக் காய வைத்து, அந்தக் குறிப்போடு ஒட்டிவிடுங்கள். பெயரில் சந்தேகம் வந்தால் கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தில் காட்டிக் கேட்க அது உதவும்.

நொச்சிக் கொம்பும் கற்பூரவல்லிக் கொம்பும் என்னிடம் நிறைய இருக்கின்றன. அக்டோபர் மழை பிடிப்பதற்குள் வந்து ஒடித்துக்கொண்டு போங்கள். வரும்போது உங்கள் பாத்தி மண்ணில் ஒரு பிடி எடுத்து வாருங்கள், அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று உங்கள் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டும் வாருங்கள்.